செருப்புப் போட்டுக்கிட்டா ஷாக் அடிக்காது மேடம்

வாஷிங் மெஷின் பக்கம் போகும்போதெல்லாம் அம்மா ரப்பர் செருப்பைத் தேடுவதைச் சில வாரங்களாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தரை ஈரமாக இருக்கும், வழுக்கும் என்று மாட்டிக்கொள்கிறாள் என நினைத்தேன். ஒருநாள் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது துணியை எடுக்க நான் வெறுங்காலோடு போனேன். ஈரத் துணியைப் பிடித்து இழுத்ததும் முழங்கை வரை சுர்ரென்று ஏறியது. கையை உதறிக்கொண்டு கத்தினேன். எழுந்து வந்த அம்மா சாதாரணமாகச் சொன்னாள்: “கொஞ்ச நாளாவே அப்படித்தான்டி. செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் பண்ணாது.”

அவளைத் திட்டினேன். அப்புறம் யோசித்தால், நான் மட்டும் என்ன ஒழுங்கு? அயர்ன் பாக்ஸின் வயர் கழுத்துப் பக்கம் உரிந்து கிடந்ததை டேப் சுற்றி ஒரு வருடம் ஓட்டியவள் நான்தான். ஒரு மிஷின் நம்மைப் பயமுறுத்தினால் நாம் மிஷினை மாற்றுவதில்லை, நம்மை மாற்றிக்கொள்கிறோம். பிளக்கை ஒரு கோணத்தில் சாய்த்துச் செருகுவது, கதவைத் துணியால் பிடித்துத் திறப்பது, ‘அந்த ஸ்விட்சை மட்டும் நீ தொடாதே’ என்று குழந்தைக்குச் சொல்லி வைப்பது எல்லாம் இந்த வகைதான்.

செருப்பு எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலடியில் ஈரம் இறங்கினாலோ, இன்னொரு கை தண்ணீர்க் குழாய் மேல் இருந்தாலோ செருப்புக்கு வேலையே இல்லை. கரண்டுக்கு வேறு வழி கிடைத்துவிடும். சுமார் 10 மில்லியாம்பியர் உடம்பில் ஓடினாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, வீடுகளுக்கு என்றால் பொதுவாக 30 மில்லியாம்பியருக்குள் வேலை செய்யும்படி செய்யப்பட்டிருக்கும். எங்கள் வீட்டுப் பழைய போர்டில் அது இல்லை. அது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் கம்பெனிக்காரர்கள் பிடித்துக்கொண்ட முதல் நூல் இதுதான்.

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். மெஷின் வாங்கி இரண்டரை வருடம், வாரண்டி இரண்டு வருடம். “வாரண்டி முடிஞ்சிருச்சு மேடம், விசிட்டுக்கே சார்ஜ் ஆகும்” என்றார் அந்தப் பெண். கம்ப்ளெயின்ட் என்ன என்று கேட்டார். ஷாக் அடிக்கிறது என்றேன். அவர் பார்க்கும் திரையில் அப்படி ஒரு வகையே இல்லை போல. சிறிது நேரம் அமைதி. “ஓகே மேடம், ‘மெஷின் நாட் ஒர்க்கிங்’னு போட்டிருக்கேன்.” மெஷின் நன்றாகத்தான் வேலை செய்கிறது, ஆளைத்தான் கொல்லப் பார்க்கிறது என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஒரு தம்பி வந்தான். கெட்டிக்காரப் பையன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்கத் தகட்டைக் கழற்றினான். மீட்டர் வைத்துப் பார்த்து, தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரிலிருந்து கரண்ட் கசிகிறது என்றான். சரி, ஹீட்டர் கெட்டால் கசியும். ஆனால் கசிந்த கரண்ட் எர்த் வழியாகப் போயிருக்க வேண்டாமா? அதைக் கேட்டதும் டார்ச்சை உள்ளே அடித்தான். பச்சையும் மஞ்சளுமான அந்த எர்த் வயரின் முனையில் ஒரு வளையம் இருந்தது. அது உட்கார வேண்டிய திருகு பாதிதான் முறுக்கப்பட்டிருந்தது. வளையம் கழன்று, வயர் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. திருகைச் சுற்றித் தகட்டில் பெயின்ட் அப்படியே பளபளவென்று இருந்தது. வளையம் ஒருநாளாவது அழுத்தி உட்கார்ந்த தடமே இல்லை. எங்கள் வீட்டில் யாரும் அந்தத் தகட்டைத் திறந்ததில்லை. திருகு இறுக்கப்படாமலே மெஷின் பேக்டரியைத் தாண்டி வந்திருக்கிறது.

அரை நிமிடத்தில் இறுக்கிவிட்டான். “இது மாதிரி வேற வீட்லயும் பார்த்திருக்கியாப்பா?” என்றேன். “இந்த மாடல்ல ரெண்டு மூணு பார்த்திருக்கேன் மேடம்” என்று சொன்னவன், சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போல முகத்தைக் கீழே போட்டுக்கொண்டான். போகும்போது, “எதுக்கும் செருப்புப் போட்டுக்கிட்டு யூஸ் பண்ணுங்க மேடம், ஷாக் அடிக்காது” என்றான். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அவன் நீட்டிய ஜாப் ஷீட்டில் இருந்தது இவ்வளவுதான்: ‘ஹீட்டர் பழுது. மாற்ற வேண்டும்.’ ஷாக் என்ற சொல் இல்லை. எர்த் என்ற சொல் இல்லை. அந்த இரண்டு மூன்று வீடுகளிலும் இப்படித்தான் எழுதியிருப்பான். ஆக, கம்பெனியின் கணக்கில் அந்த மாடலில் மூன்று நான்கு ஹீட்டர்கள் போயிருக்கின்றன. மூன்று நான்கு பேருக்கு ஷாக் அடித்த கதை எந்தப் பதிவிலும் கிடையாது.

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அந்த ஜாப் ஷீட்டுக்காகத்தான். உயிருக்கு ஆபத்தான கோளாறை ரிப்பேர் கேஸாக எழுத விடாதீர்கள். வாரண்டி என்பது ‘பொருள் கெட்டால் யார் செலவில் சரிசெய்வது’ என்ற கேள்விக்கான பதில். ‘பொருள் என்னைக் கொன்றிருந்தால் யார் பொறுப்பு’ என்பது முற்றிலும் வேறு கேள்வி. ஷாக் அடிக்கிறது என்று நாம் சொல்ல, வாரண்டி முடிந்துவிட்டது என்று அவர்கள் சொல்ல, நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். பதில் சரிதான், கேள்விதான் நம்முடையது அல்ல.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் ஒரு பெண் 1955 கிறிஸ்துமஸுக்குத் தன் கணவருக்கு ஒரு மர வேலை மிஷின் வாங்கிக் கொடுத்தார். ரம்பம், துளைப்பான், கடைசல் மூன்றும் ஒன்றிலேயே இருக்கும் மிஷின். இரண்டு வருடம் கழித்து அந்தக் கணவர் கடைசல் பிடித்துக்கொண்டிருந்தபோது மரக்கட்டை பிடியிலிருந்து பறந்து வந்து நெற்றியில் அடித்தது, பலத்த காயம். கட்டையைப் பிடித்திருக்க வேண்டிய திருகுகளுக்கு வலு போதவில்லை என்பது சாட்சியம். (இங்கேயும் திருகு!) வாரண்டி மீறல் என்றால் நியாயமான காலத்துக்குள் எங்களுக்குத் தகவல் தந்திருக்க வேண்டும், இவர் தாமதமாகத்தான் சொன்னார் என்று கம்பெனி வாதாடியது. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1963இல் அதை ஏற்கவில்லை. எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்காகவே அவர் மிஷினைப் பயன்படுத்தினார், குறை இருப்பது அவருக்குத் தெரியாது, அந்தக் குறையால் அடிபட்டார், அது போதும் என்றது. அந்தக் கணவரின் பெயரால் இதைக் கிரீன்மன் வழக்கு என்பார்கள். பின்னால் பல நாடுகளின் சட்டங்கள் இந்த வழியில் வந்தன. 1985இல் வந்த ஐரோப்பிய நெறிமுறைப்படி, குறையுள்ள பொருளால் காயமோ சேதமோ வந்தால் தயாரிப்பாளரின் கவனக்குறைவை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. பொருள் சந்தைக்கு வந்து 10 வருடம் வரை அவர் பொறுப்பு. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தயாரித்தவர், விற்றவர், சர்வீஸ் செய்பவர் என மூவரையுமே இந்தப் பொறுப்புக்குள் கொண்டுவருகிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தச் சட்டங்கள் நஷ்டஈடு தருவது மெஷின் கெட்டதற்கு அல்ல, மெஷின் கெடுத்ததற்கு. கை வெந்தால், வீடு எரிந்தால், ஆள் போனால். யாருக்கும் ஒன்றும் ஆகாமல் தப்பித்தவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர்கள் ‘விற்கும்போதே குறையோடு விற்றாய்’ என்ற பக்கமாகத்தான் போக வேண்டும். எங்கள் எர்த் திருகு அந்த வகை. பயன்படுத்திப் பயன்படுத்தித் தேய்ந்தது அல்ல அது, பிறவிக் குறை.

அது தவிர, தப்பித்தவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: அடுத்தவர் வீட்டுக்காகச் சொல்வது. ஐநா சபை 1985இல் ஏற்றுக்கொண்ட நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களில் இது தெளிவாகவே இருக்கிறது. பொருள் சந்தைக்கு வந்த பிறகு எதிர்பாராத ஆபத்து தெரியவந்தால் தயாரிப்பாளர் தாமதிக்காமல் அதிகாரிகளுக்கும், தேவைப்பட்டால் மக்களுக்கும் சொல்ல வேண்டும். கடுமையான குறை என்றால் திரும்பப் பெற்று மாற்றித் தரவோ சரிசெய்யவோ வேண்டும், முடியாவிட்டால் ஈடு தர வேண்டும். வழிகாட்டுதல்தான், சட்டம் அல்ல. ஆனால் நிறைய நாடுகளில் சட்டமாகவும் இருக்கிறது. அமெரிக்காவில் ஆபத்து என்று தெரிந்த 24 மணி நேரத்துக்குள் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

சொல்லாமல் மறைத்தால்? சீனாவின் கிரீ கம்பெனி செய்த, அறையின் ஈரப்பதம் உறிஞ்சும் மிஷின்கள் சூடேறித் தீப்பிடித்த விவகாரம் இருக்கிறது. 2013இல் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மிஷின்களைத் திரும்ப அழைத்தார்கள். அதற்குப் பல மாதங்கள் முன்பே விஷயம் தெரிந்தும் ஆணையத்துக்குச் சொல்லவில்லை என்று அமெரிக்கக் கிளையின் நிர்வாகிகள் இருவரை 2023இல் நடுவர் குழு குற்றவாளிகள் என்றது. கம்பெனிக்கு அபராதம் என்பது பழைய கதை. இப்படி மறைத்ததற்காக நிர்வாகிகளே குற்றவாளிக் கூண்டில் ஏறித் தீர்ப்பு வாங்கியது அந்நாட்டில் அதுவே முதல்முறை.

பிரிட்டனில் வேர்ல்பூல் நடந்துகொண்ட விதம் எனக்கு இதைவிட எரிச்சல். 2004 ஏப்ரலுக்கும் 2015 செப்டம்பருக்கும் இடையே விற்ற துணி உலர்த்திகளில் பஞ்சுத் தூசி ஹீட்டரில் பட்டுத் தீப்பிடிக்கலாம் என்று 2015 கடைசியில் அறிவித்தார்கள். அறிவித்துவிட்டு மக்களுக்குச் சொன்ன அறிவுரை என்ன தெரியுமா? ஆள் வந்து சரிசெய்யும்வரை பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஆனால் பக்கத்திலேயே இருங்கள். நம்ம ஊர் செருப்பு அறிவுரைதான், ஆங்கிலத்தில்! 2016 ஆகஸ்டில் லண்டனில் ஓர் அடுக்குமாடியில் அப்படி ஓடிக்கொண்டிருந்த உலர்த்தியிலிருந்து தீ பரவியது. பிளக்கைப் பிடுங்குங்கள் என்று அவர்கள் சொன்னது 2017இல். திரும்பப் பெறத் தொடங்கியது 2019இல், அதுவும் அரசு கழுத்தில் கை வைத்த பிறகு.

பயன்படுத்துகிறவர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்ற வாதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பழைய ஃபிரிட்ஜ் கதவு ஒன்று போதும். ஒரு காலத்தில் ஃபிரிட்ஜ் கதவுகளுக்கு வெளியில் தாழ்ப்பாள் இருந்தது, உள்ளிருந்து திறக்காது. தூக்கிப் போட்ட ஃபிரிட்ஜுகளுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் மூச்சுத்திணறிச் செத்தார்கள். கதவைக் கழற்றிவிட்டுப் போடுங்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். சாவு நிற்கவில்லை. 1956இல் அமெரிக்கா, உள்ளிருந்தும் திறக்கும்படியான கதவு இல்லாமல் ஃபிரிட்ஜ் விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. இன்று நம் வீட்டில் லேசாக இழுத்தாலே திறக்கும் காந்தப் பட்டைக் கதவு பரவியது இந்த வழியில்தான். பெற்றோருக்குப் புத்தி சொல்லி நடக்காததைக் கதவை மாற்றி நடத்தினார்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். அந்தத் தம்பியை உட்காரவைத்து ஜாப் ஷீட்டில் கூடுதலாக இரண்டு வரி எழுதச் சொன்னேன்: ‘மெஷின் உடம்பில் மின் கசிவு இருந்தது. எர்த் வயர் கழன்றிருந்தது.’ முதலில் தயங்கினான். நீ பார்த்ததைத்தானே எழுதச் சொல்கிறேன் என்றதும் எழுதினான். நல்ல பிள்ளை, அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. கழற்றிய ஹீட்டரை எடுத்துப் போகப் பார்த்தான், விடவில்லை. அது இப்போது ஒரு பிளாஸ்டிக் பையில் அலமாரி மேல் இருக்கிறது. இறுக்குவதற்கு முன்னால் அந்தத் திருகை ஒரு போட்டோ எடுத்திருக்க வேண்டும், தோன்றவில்லை. இப்படி நடந்தால் நீங்கள் முதலில் மெயினை அணையுங்கள், அப்புறம் போனை எடுத்து மாடல் நம்பர், சீரியல் நம்பர் ஒட்டியிருக்கும் தகட்டையும் பழுதான இடத்தையும் படம் பிடியுங்கள், அதற்குப் பிறகே யாரையும் தொட விடுங்கள்.

கம்பெனிக்கு மெயில் எழுதினேன். முதல் பதில்: உங்கள் வீட்டு வயரிங் சரியில்லை. வெளியிலிருந்து ஓர் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து, எங்கள் பிளக் பாயின்ட்டில் எர்த் சரியாக இருக்கிறது என்று எழுதி வாங்கி அனுப்பினேன். (ஆர்சிசிபியும் அன்றே போட்டாயிற்று.) இரண்டாவது பதிலில் சுருதி இறங்கியது: நல்லெண்ண அடிப்படையில் ஹீட்டரை இலவசமாக மாற்றித் தருகிறோம். கூடவே ஒரு தாள். ‘எனக்கு முழுத் திருப்தி, இது குறித்து வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். ஹீட்டரைப் போடுங்கள், தாளை எடுத்துப் போங்கள் என்றேன். போட்டார்கள். அவசரத்தில் இந்த மாதிரித் தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு ஹீட்டரைவிட அந்தத் தாள் விலை உயர்ந்தது.

என் மெயிலில் இரண்டு கேள்விகள் இருந்தன. எங்கள் மெஷினை என்ன செய்யப் போகிறீர்கள் என்பது ஒன்று. இதே மாடல் வைத்திருக்கும் மற்ற வீடுகளுக்குச் சொல்லிவிட்டீர்களா என்பது இன்னொன்று. மூன்று முறை எழுதியும் இரண்டாவது கேள்விக்கு ஒரு வரி இல்லை. ஜாப் ஷீட் நகலோடு பொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசுத் துறைக்கும் புகார் அனுப்பியிருக்கிறேன். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு நம்பர் மட்டும் வந்திருக்கிறது. பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.

அம்மா இன்னும் செருப்போடுதான் துணி எடுக்கிறாள். சொல்லிப் பார்த்தேன். “அந்தத் திருகை நீ போய் தினமும் பார்க்கிறியா?” என்று கேட்கிறாள்.