ஓர் எழுத்துப் பிழைக்கு நான் ஏன் இருட்டில் வண்டி ஓட்ட வேண்டும்?

மோட்டார் சைக்கிளின் சேசிஸ் எண்ணில் எழுத்துகளும் இலக்கங்களுமாக மொத்தம் 17 இடங்கள் உள்ளன. ஒன்றோடும் பூஜ்ஜியத்தோடும் குழம்பிவிடக் கூடாது என்பதற்காகவே ஐ (I), ஓ (O), க்யூ (Q) ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளுக்கும் அதில் இடமே இல்லை என்று சர்வதேசத் தரவிதி சொல்கிறது. அப்படியிருந்தும், நான் மோட்டார் சைக்கிளில் தென் அமெரிக்காவைச் சுற்றியபோது ஆண்டீஸ் மலைமேல் ஓர் எல்லைச் சாவடியின் சுங்க அதிகாரி, என் வண்டியின் அனுமதிச் சீட்டில் பூஜ்ஜியம் இருந்த இடத்தில் ஓ என்று தட்டி, அச்செடுத்து, முத்திரை குத்தி என் கையில் கொடுத்துவிட்டார். ஆறு வாரம் கழித்து வேறோர் எல்லை வழியாக வெளியேறப் போனபோது, 'இந்தத் தாளில் இருப்பது உன் வண்டியே இல்லை' என்று சொல்லி என்னை நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். தப்பு செய்தது அவர்களுடைய துறை, குற்றவாளியைப் போல நின்றது நான்.

தென் அமெரிக்காவின் பெரும்பாலான நாடுகளில் கார்னே, அதாவது வண்டியைத் தற்காலிகமாக வேறு நாட்டுக்குள் கொண்டுபோக முன்கூட்டியே வாங்கும் சுங்க ஆவணம், தேவையில்லை. அதற்குப் பதிலாக எல்லையிலேயே தற்காலிக இறக்குமதி அனுமதிச் சீட்டு தருகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் வண்டி அந்த நாட்டில் இருப்பதற்கான ஒரே ஆதாரம் அந்தத் தாள்தான் என்பதும், வெளியேறும்போது அதை ரத்து செய்யாவிட்டாலோ கெடு தாண்டினாலோ அபராதத்தில் தொடங்கி வண்டி பறிமுதல்வரை போகக்கூடும் என்பதும் அதை அச்சிடுகிறவருக்குத் தெரியாதா? தெரிந்துமா இத்தனை அலட்சியம்?

ஒவ்வோர் எல்லையிலும் நான்கு ஜன்னல்கள்: இந்தப் பக்கம் குடிவரவு, சுங்கம், அந்தப் பக்கம் மறுபடியும் குடிவரவு, சுங்கம். தனியாகப் போகிறவன் ஒவ்வொரு வரிசையிலும் நிற்கும்போது, மூட்டை முடிச்சோடு வண்டி தெருவில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. கடவுச்சீட்டைக் கொடுங்கள், சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்று ஓடி வருகிறவர்களிடம் சிக்காமல், பணம் மாற்றுகிறவர் எண்ணிக் கொடுக்கும் நோட்டையும் கவனித்துக்கொண்டு, வண்டிமேலும் ஒரு கண் வைத்திருக்க ஒருவனால் எப்படி முடியும்?

இத்தனைக்கும் மேலாக நேரம். பெருவிலிருந்து தித்திகாகா ஏரியை ஒட்டிய டெசாகுவாதேரோ பாலத்தைக் கடந்து பொலிவியாவுக்குள் நுழைந்தால் கடிகாரமே ஒரு மணி நேரம் முன்னால் ஓடிவிடும். பெருவில் மூன்று மணி, பாலத்துக்கு அந்தப் பக்கம் நான்கு. லா பாஸ் அங்கிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல். ஜூன், ஜூலையில் ஆறு மணி தாண்டினால் வெளிச்சம் போய்விடும், ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் விரல்கள் பிரேக்கைப் பிடிக்க முடியாமல் விறைத்துப்போகும். இப்படிப்பட்ட நாட்டில் ஒரு ஜன்னலில் வீணாகும் இரண்டு மணி நேரம் வெறும் எரிச்சல் இல்லை, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அந்த ஓ எழுத்து என்னை விடுவித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. எல்லை ஊரில் ஓர் அறைகூடக் கிடைக்காமல், பள்ளமும் மேடுமான சாலையில் எழுபது கிலோமீட்டர் இருட்டில் ஓட்டினேன். பின்விளக்கே இல்லாமல் நடுச்சாலையில் நின்ற ஒரு லாரி, என் விளக்கு வெளிச்சத்தில் திடீரென்று சுவரைப் போல எழுந்தது. அதன் சக்கரத்துக்கு அணைவாக வைத்திருந்த கருங்கல்லை உரசிக்கொண்டு ஒதுங்கினேன். கொள்ளைக்காரர்களைப் பற்றி எல்லாரும் எச்சரித்தார்கள். அந்த லாரியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

செய்ய முடியாததையா கேட்கிறேன்? அர்ஜென்டினாவிலிருந்து கிறிஸ்தோ ரெதென்தோர் கணவாய் வழியாகச் சிலிக்குப் போகிறவர்களுக்கு இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து வேலையை முடித்துக் கொடுக்கிறார்கள். பழமும் தேனும் இருக்கிறதா என்று அங்கே பெட்டியைத் துருவுவார்கள். விவசாயத்தைக் காக்கும் அந்தச் சோதனைக்கு எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்பேன். மற்ற எல்லைகளில் புதுக் கட்டடம்கூட வேண்டாம். அச்செடுக்கும் பொத்தானை அழுத்துமுன் அந்தக் கணினித் திரையை ஒரே ஒரு நிமிடம் என் பக்கம் திருப்புங்கள், பதினேழையும் நானே படித்துச் சரிபார்த்துக்கொள்கிறேன்.