வங்கி முத்திரை இருந்தால் காசோலையின் கையெழுத்து அசல்தானா?

"புகழ்பெற்றவர் கையெழுத்திட்டு, வங்கி முத்திரையும் விழுந்த காசோலை போலியாக இருக்கவே முடியாது, அதன் விலையும் ஆண்டுதோறும் ஏறும்" என்று, புகழ்பெற்றவர்களின் கையெழுத்துகளைச் சேகரிப்பவர்களிடையே பரவும் செய்தி தவறானது.

முத்திரை, அந்தக் காசோலைக்குப் பணம் வழங்கப்பட்டதை மட்டுமே காட்டுகிறது. வெறும் தாளில் இட்ட கையெழுத்தைவிட அது வலுவான ஆதாரம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், கணக்கில் கையெழுத்திடும் அதிகாரம் பெற்ற செயலாளர் ஒப்பமிட்ட காசோலைக்கும், கையெழுத்து அச்சைக் குத்திய காசோலைக்கும் வங்கி பணம் கொடுத்திருக்கும். போலி செய்பவர் பழைய வெற்றுக் காசோலையில் முத்திரையையும் சேர்த்தே உருவாக்க முடியும். எனவே, அதே காலத்தைச் சேர்ந்த, ஐயமற்ற கையெழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்: பணம் பெற்றவரும் புகழ்பெற்றவராக இருந்தால், பணம் பெற அவர் அங்கே இட்ட கையெழுத்தே (மேலொப்பம்) முன்பக்கக் கையெழுத்தைவிட அதிகப் பெறுமானமுள்ளதாக இருக்கலாம். பணம் வழங்கிய காசோலையை ரத்து செய்ய வங்கி குத்திய துளைகள் கையெழுத்தின் குறுக்கே விழுந்திருந்தால் விலை குறையும்.

விலையேற்றத்துக்குச் சான்றாக, நீல் ஆர்ம்ஸ்ட்ராங் எழுதிய 10.50 டாலர் காசோலை 2009இல் 27,350 டாலருக்கு ஏலம் போனதைக் காட்டுகிறார்கள். அந்தக் காசோலையில் உள்ள நாள், அவரை நிலவுக்கு ஏற்றிச் சென்ற அப்பல்லோ 11 விண்ணில் ஏறிய 1969 ஜூலை 16. இத்தொகைக்குக் காரணம் அந்த நாளே. அவ்வாறு தனிச்சிறப்பு ஏதுமில்லாத, மின்கட்டணத்துக்கோ மளிகைக்கோ கொடுத்த காசோலைகள், மறைந்தவரின் வீட்டிலிருந்து கட்டுக்கட்டாகச் சந்தைக்கு வரும்போது, அவற்றின் விலை ஏறுவதற்குப் பதிலாகச் சரியவே செய்கிறது.