எந்தக் கட்சி அனுப்பி வந்தீர்களாம்?

ஞாயிற்றுக்கிழமை டேவானில், அதாவது ஊர் மண்டபத்தில், செம்பனை (பாமாயில்) ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பதைப் பற்றிக் கேட்க எழுந்தேன். நடந்ததை எல்லாரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள், அதனால் முழுதாக விளக்கவில்லை. ஆனால் "உங்கள எந்தக் கட்சி அனுப்பிச்சது?" என்று மைக் பிடித்திருந்தவர் கேட்டாரே, அது மட்டும் மூன்று நாளாகத் தொண்டையில் நிற்கிறது.

நான் பேசப் போனது ஆற்றைப் பற்றி. தண்ணீர் கறுப்பாகப் போகிறது, மீன் செத்து மிதக்கிறது, கோயிலில் கரகம் எடுக்கும் துறை வரைக்கும் நாற்றம். இதில் கட்சி எங்கே வந்தது?

செம்பனை ஆலைக் கழிவு தண்ணீரில் இருக்கிற பிராணவாயுவை உறிஞ்சிவிடும். எவ்வளவு உறிஞ்சும் என்ற அளவுதான் பிஓடி. சுத்திகரிக்காத கழிவில் லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம். குளம் குளமாகத் தேக்கி, கிருமிகளை விட்டுத் தின்ன வைத்து, 100-க்கு இறக்கிய பிறகுதான் ஆற்றில் விடலாம். மலேசியாவில் இதற்கு விதி வந்தது 1977-இல். நான் கேட்டதெல்லாம் 'அந்தக் குளங்களை யாராவது தூர் வாருகிறார்களா?' என்பதுதான். அதற்குக் கட்சி அட்டை காட்ட வேண்டுமா?

"ஆலைதான் ஊருக்குச் சோறு போடுது" என்கிறார்கள். யாருக்கு ஐயா? நம் பிள்ளைகள் பாதிப் பேர் கோலாலம்பூரில், மீதிப் பேர் சிங்கப்பூர் பஸ்ஸில்.

"அரசியல்ல நம்ம தமிழர்களுக்கு இருக்கிறதே ஒண்ணு ரெண்டு குரல், அதையும் சங்கடப்படுத்தாதீங்க" என்று ஓர் அண்ணன் எழுதியிருந்தார். இதை என்னால் தள்ள முடியவில்லை. என் அப்பா சாகும்வரை பாரிசான் கூட்டணியின் தராசுச் சின்னத்துக்கே ஓட்டுப் போட்டவர். நான் 2008-இல் எதிரணிக்கு மாறினேன். இரண்டு பேரும் குரலுக்காகத்தான் போட்டோம். அந்தக் குரல் ஆலை வாசலில் ஏன் கம்மிப் போகிறது?

ஈப்போ பக்கத்துப் புக்கிட் மேராவில் அரிய மண் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்தவர்கள் சிலரை, விசாரணையின்றிப் பலரைப் பிடித்த 1987 லாலாங் நடவடிக்கையில் உள்ளே தள்ளினார்கள். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், மறுவருடம் மேல்முறையீட்டில் தோற்றார்கள். அப்படியும் விடவில்லை, 1994-இல் ஆலை மூடியது. நாமோ டேவானில் ஒருவன் எழுந்து நின்றாலே சட்டையின் நிறத்தைப் பார்க்கிறோம்.

என் அம்மா தோட்டத்தில் மருந்தடித்தவர். பாராகுவாட் என்ற களைக்கொல்லி. கையுறை கிடையாது, முகத்துக்கு ஒரு துண்டு. நகம் கழன்று விழுந்த விரலோடு எனக்குச் சோறு பிசைந்து கொடுத்திருக்கிறார். அந்த மருந்தை 2002-இல் தடை செய்தார்கள், 2006-இல் தடையை எடுத்தார்கள், 2020-இல் மறுபடியும் தடை. அம்மாவின் விரலுக்கு எந்தக் கட்சி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

'பழைய கதையைக் கிளறி அனுதாபம் தேடுகிறான்' என்பீர்கள். ஆமாம், தேடுகிறேன். போதுமா?

நேற்று அம்மாவுக்கு வீடியோவைக் காட்டினேன். அவருக்கு ஆறும் புரியவில்லை, பிஓடியும் புரியவில்லை. மைக் பிடித்தவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "இவன் அம்மாவும் நானும் ஒரே நிரையிலதான் மருந்தடிச்சோம். மத்தியானம் நம்ம வீட்டுலதான் சாப்பிடுவான்."