ஒரு பாட்டில் தண்ணீரை வைத்து நம் கடலுக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம்

நம் கன்னியாகுமரிக் கடலில் ஈயம் கலந்துவிட்டது, மீன் வாங்காதீர்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒன்று கிளம்பினால் போதும், அன்றைக்குச் சந்தையில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் அக்காமாரின் பிழைப்புப் போச்சு. கடலில் ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொல்கிறவர்களையும் நான் நம்புவதில்லை. இரண்டு பேரிடமும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எதில் அளந்தீர்கள், எப்படி அளந்தீர்கள்?

சுத்தமான கடல்நீரில் கரைந்திருக்கும் ஈயம் லிட்டருக்கு நானோகிராம் கணக்கில்தான், அதாவது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில்தான் இருக்கும். படகின் பெயிண்ட், இன்ஜின் புகை, அமிலத்தில் ஊறவைத்துக் கழுவாத பாட்டில், இவற்றிலிருந்து ஒட்டுவதே அதைவிட அதிகமாகிவிடும். பழைய ஈய அளவுகள் பலவும் இப்படி வந்த அழுக்குதான் என்று அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன் எப்போதோ காட்டிவிட்டார். அப்புறம், தண்ணீர் இன்றைக்கு இருப்பதுபோல நாளைக்கு இருக்காது, அதுவும் இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில்.

சரி, கடலடி மண்ணில் அளக்கலாமே என்றால் அங்கேயும் ஒரு சிக்கல். உலோகத்தின் அளவை இரும்போடு ஒப்பிட்டு, இயற்கையாக வந்தது எவ்வளவு, மனிதர் சேர்த்தது எவ்வளவு என்று கணக்குப் போடுவது பல ஆய்வுகளில் வழக்கம். மணவாளக்குறிச்சி, சின்னவிளைப் பக்கம் கரை கறுத்துக் கிடப்பதே இல்மனைட்டால், அதாவது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமத்தால். அந்த இரும்பை வைத்து வகுத்தால் உண்மையான மாசும் சின்னதாகத் தெரியும். 63 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழான நுண்சேற்றை மட்டும் சலித்தெடுத்து, இரும்புக்குப் பதில் அலுமினியத்தோடு ஒப்பிட்டால் ஓரளவு நம்பலாம்.

என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது சிப்பியை. கடியபட்டணம், முட்டம், குளச்சல் பாறைகளில் நம் ஆட்கள் மூழ்கி எடுக்கிறார்களே, அதே சிப்பிதான். இடம் மாறாமல் பாறையில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கடலை வடிகட்டுவதால் உலோகம் அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகும். உலகக் கடற்கரைகளை இப்படிச் சிப்பியை வைத்தே கண்காணிக்கலாம் என்று அமெரிக்கக் கடல் வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பர்க் 1975-லேயே சொன்னார். ஆனால் சிப்பி தின்னும்போது பல்லில் நறநறவென்று மணல் கடிபடுமே, அந்த மணலோடு அரைத்து அளந்தால் கணக்கு கெட்டுப்போகும். ஓரிரு நாள் சுத்தமான கடல்நீரில் விட்டு வயிற்றைக் காலியாக்கிய பிறகுதான் அளக்க வேண்டும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவுச் சிப்பியாக எடுத்து. சிப்பியில் காட்மியம் என்ற நச்சு உலோகம் கிலோவுக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தர அமைப்பு. அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், காட்மியத்தைப் பொறுத்தவரை சாப்பிடலாமா கூடாதா என்பதற்கும் பதில் கிடைக்கும்.

நாகர்கோவிலைத் தொட்டுவரும் பழையாறு கடலில் சேரும் மணக்குடியில் சேற்றையும், செம்பு கலந்த பெயிண்ட் பூசிய படகுகள் நிற்கும் குளச்சல், சின்னமுட்டம், தேங்காப்பட்டணம் துறைமுகங்களில் செம்பையும் தனியாகப் பார்க்க வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும், வருடா வருடம், அதே இடங்களில். சிப்பி எடுக்கிறவர்களைக் கூலிக்கு மட்டும் கூப்பிடாமல் திட்டம் போடும்போதே உட்கார வையுங்கள், எந்தப் பாறையில் எப்போது என்ன விளையும் என்பது அவர்களுக்குத்தான் அத்துப்படி. முடிவு வந்ததும் நல்லதோ கெட்டதோ, அதைத் தமிழில் எழுதி ஒவ்வொரு கடற்கரை ஊரிலும் ஒட்டுங்கள்.