கிறிஸ்துமஸ் விழாவில் இயேசுவைப் பற்றியும் பேசலாம்

டிசம்பர் வந்தால் எங்கள் அலுவலகத்தில் கிறிஸ்துமஸ் விழா உண்டு. மரம் வைப்பார்கள், கேக் வெட்டுவார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருவருக்கொருவர் பரிசு கொடுப்போம். சிவப்பு உடுப்பில் கிறிஸ்துமஸ் தாத்தா வந்து மிட்டாய் தருவார். எல்லாம் சந்தோஷமான விஷயங்கள்தான். ஆனால் போன வருடம் விழா தொடங்கி முடியும்வரை இயேசு என்ற பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை. இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் ஒரு சின்னக் குடில் வைக்கலாமே என்று கேட்டேன். "வேண்டாமே, ரொம்ப மதம் மாதிரி ஆயிடும்" என்று சொன்னவர், ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிற ஒரு கத்தோலிக்கர். என் வருத்தமே அதுதான்.

அதே அலுவலகத்தில் ஆயுத பூஜைக்குச் சரஸ்வதி படத்துக்கு மாலை போட்டு, கணினிக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைக்கிறோம். ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்க நண்பர் அழைத்தால், பாங்கு சொல்லும்வரை பேரீச்சம்பழத்தைத் தொடாமல் அவரோடு சேர்ந்து காத்திருக்கிறோம். சாமியை வாசலில் விட்டுவிட்டு வா என்று இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. கிறிஸ்தவர்களாகிய நாமே விட்டுவிட்டு வருகிறோம்.

அமெரிக்காவில் இது நீதிமன்றம்வரை போன விஷயம். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பாடக்கெட் என்றொரு ஊர். நகராட்சி ஏற்பாட்டில் வைத்த கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் குடில் இருந்ததை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1984-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் குடிலை அனுமதித்தது. பக்கத்திலேயே தாத்தா வீடு, கலைமான்கள், மரம் எல்லாம் இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1989-ல் பிட்ஸ்பர்க் வழக்கில், நீதிமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் தனியாக வைத்த குடில் கூடாது என்றார்கள். அதாவது, தாத்தா துணைக்கு நின்றால் குழந்தை இயேசு இருக்கலாம், தனியாக இருந்தால் கூடாது! முதல் வழக்கில் குடிலை எதிர்த்துத் தீர்ப்பெழுதிய நீதிபதி பிளாக்மன், இந்த அனுமதி குடிலின் புனிதத்தையே குறைத்து, அதைக் கடை வியாபாரத்துக்கு உதவும் பொருளாக ஆக்கிவிடுகிறது என்று வருந்தினார். அந்த வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. அங்கே அரசு எந்த மதத்தையும் ஆதரிக்கக் கூடாது என்பது சட்டம், அதற்கொரு நியாயம் இருக்கிறது. நமக்கு அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் வெளிப்படையாக எடுத்துச் சொல்லவும் உரிமை கொடுத்திருக்கிறது. பிறகு நமக்கு ஏன் இந்தத் தயக்கம்?

பயம் என்று சிலர் சொல்வார்கள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2021 டிசம்பரில் ஆக்ராவில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் உருவபொம்மையை எரித்தார்கள். வேறு சில ஊர்களில் ஆராதனைக்குள் புகுந்து தகராறு செய்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருப்பவரிடம் குடில் வை, பாட்டுப் பாடு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் தமிழ்நாட்டில், கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகக் கீத பவனி போகும்போது இந்து வீட்டு அம்மாக்கள் காபி போட்டுக் கொடுத்து, "எங்க வீட்லயும் ஒரு பாட்டுப் பாடிட்டுப் போங்க" என்று கூப்பிடுகிற தெருக்களில் வாழ்ந்துகொண்டு, நாம் எதற்குக் கூச்சப்பட வேண்டும்?

தாத்தாவை விரட்டச் சொல்லவில்லை. அவருக்கு மூலம், 4-ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் இருந்த மீரா நகரத்து ஆயர் நிக்கோலாஸ். மூன்று பெண்களுக்கு வரதட்சணை கொடுக்க வழியில்லாமல் தவித்த ஒரு தகப்பனின் வீட்டில், இரவோடு இரவாக யாருக்கும் தெரியாமல் பணமுடிப்புகளைப் போட்டுவிட்டுப் போனார் என்று மரபுக்கதை சொல்கிறது. நம்மூரில் இந்தக் கதையைக் கேட்டால் எத்தனை அப்பாக்களுக்குக் கண் கலங்கும்! அதைச் சொல்லாமல் தாடியையும் தொப்பியையும் மட்டும் வைத்துக்கொண்டோம்.

குடில் கட்டுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு வாரம் முன்பே தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு விதைத்துவிடுவோம், குடிலுக்கு முன்னால் பச்சைப் புல்லாக நிற்க வேண்டுமே என்று. பழைய காகிதத்தைக் கசக்கி, கறுப்பும் பழுப்புமாகச் சாயம் பூசினால் பாறை தயார். மாடு, ஆடு, இடையர், சூசையப்பர், மாதா எல்லாரும் வந்துவிடுவார்கள், வைக்கோல் மட்டும் காலியாக இருக்கும். நள்ளிரவுப் பூசையில் வானவர் கீதம் பாடி மணி அடித்த பிறகுதான் பாலன் இயேசுவின் சொரூபத்தைக் கிடத்துவார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் காத்திருக்கும் திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறும் அந்தக் காலி வைக்கோலுக்காகத்தான். இப்போதோ டிசம்பர் 5-ஆம் தேதியே கேக் வெட்டி முடித்துவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

பொது இடத்தில் இயேசுவைப் பற்றிப் பேசுவது மற்றவர்கள் மேல் மதத்தைத் திணிப்பதாகும் என்பவர்கள், அந்தப் பிறப்பின் கதையை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். சத்திரத்தில் இடம் கிடைக்காத ஒரு கர்ப்பிணி, மாட்டுத் தொழுவத்தில் பிரசவம். முதலில் சேதி போனது ராத்திரி காவலில் இருந்த ஆட்டிடையர்களுக்கு. அப்புறம் ஏரோது மன்னனுக்குப் பயந்து கைக்குழந்தையோடு எகிப்துக்கு ஓட்டம். 2023-ல், இயேசு பிறந்த ஊரான பெத்லகேமில் காசாப் போரை நினைத்து வெளிக் கொண்டாட்டங்களை நிறுத்திவிட்டார்கள். அங்குள்ள லூத்தரன் ஆலயத்தில் இடிபாட்டுக் கற்களைக் குவித்து, அதன் நடுவே குழந்தை இயேசுவைக் கிடத்தினார்கள். உலகமே அதைப் பார்த்தது, கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் புரிந்தது. அதே டிசம்பரில்தான் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தன. வீட்டை இழந்த குடும்பங்களுக்கு இடமில்லாமல் அலைந்த மரியாளையும் சூசையப்பரையும் பற்றித் தனியாக விளக்க வேண்டியிருக்காது. கேக்கும் விளக்குகளும் அந்த வீடுகளில் என்ன பேசியிருக்கும்?

அலுவலகத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பில், கல்லூரியில் விழா ஏற்பாடு செய்கிற கிறிஸ்தவ நண்பர்களே, ஒரு மேசையில் குடில் வையுங்கள். கேக் வெட்டுமுன் பைபிளில் லூக்கா 2-ஆம் அதிகாரத்தின் முதல் இருபது வசனங்களை யாராவது சத்தமாக வாசியுங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஜெபம் செய்யச் சொல்லி யாரையும் வற்புறுத்த வேண்டாம், கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். பரிசுக்கு வசூலிக்கும் பணத்தில் ஒரு பங்கை, அன்றைக்கும் வேலைக்கு வந்திருக்கும் வாட்ச்மேனுக்கும் துப்புரவு செய்யும் அக்காக்களுக்கும் கொடுத்து, அவர்களையும் விழாவில் முன்வரிசையில் உட்கார வையுங்கள். இந்த வருடக் குழுவில் என் பெயரையும் கொடுத்திருக்கிறேன். கேழ்வரகு விதைக்கிற வேலை என்னுடையது.