மேல் கயிறு எங்கே கட்டியிருக்கு?

ஊருக்கு நடுவே ஆகாயத்தில் தொங்குகிற மாதிரி ஜேனட் எச்செல்மன் செய்த வலைச் சிற்பத்தின் படம் வருஷத்துக்கு ஒருமுறையாவது என் சமூக ஊடகப் பக்கத்துக்கு வந்துவிடும். "நம்ம மாமல்லபுரத்து மீனவர் வலையைப் பார்த்துத்தான் இந்த அமெரிக்கப் பெண் உலகப் புகழ் பெற்றார்" என்று கூடவே ஒரு வரி. பாதிப் பேர் பெருமைப்படுவார்கள், மீதிப் பேர் "சுட்டுட்டா" என்று திட்டுவார்கள். பாம்பன் பக்கம் கிழிந்த வலை பொத்துகிற வீட்டில் பிறந்த எனக்கு இரண்டு கட்சியிலும் சேர மனசில்லை.

நடந்தது இதுதான். ஏழு கலைக் கல்லூரிகள் இடம் தர மறுத்த பிறகு, தானாகவே பத்து வருஷம் ஓவியம் வரைந்தவர் அவர். 1997இல் ஃபுல்பிரைட் என்கிற அமெரிக்க அரசு உதவித்தொகையோடு, ஓவியக் கண்காட்சி வைப்பதாகச் சொல்லி, இந்தியா வந்தார். கண்காட்சித் தேதி நெருங்கிவிட்டது, கப்பலில் அனுப்பிய வண்ணங்கள் வந்து சேரவில்லை. மாமல்லபுரமாச்சே, சிற்பம் செய்வோம் என்று வெண்கலத்தில் இறங்கினார். பெரிதாகச் செய்ய எடையும் செலவும் கட்டுப்படியாகவில்லை. அப்புறம் கடற்கரையில் நடந்தபோது, மீனவர்கள் வலையைக் குவித்து வைப்பதைப் பார்த்தார். தினமும் பார்த்த குவியல்தான். அன்றைக்கு மட்டும் கனமில்லாத சிற்பமாகத் தெரிந்திருக்கிறது. அந்த மீனவர்களோடு சேர்ந்தே முதல் வலைச் சிற்பங்களைச் செய்தார். அதில் ஒன்று அவர் தன் உருவத்தையே செய்தது, பெயர் 'அகன்ற இடுப்பு'.

குவியலை நாங்களும்தான் பார்க்கிறோம். ஈரத்தோடு குவித்தால் நாறுமே, எலி கடிக்குமே என்றுதான் எங்கள் புத்தி போகும். அதனால் திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதோடு, பார்த்ததை வைத்து மட்டும் அவர் பெரிய ஆளாகவில்லை. போர்த்துகலில் போர்ட்டோவை ஒட்டிய கடலோரத்தில் ஒரு சாலை ரவுண்டானாவின் மேல் நிரந்தரமாக வலை கட்ட வேண்டும் என்று வேலை வந்தது. நைலானை வெயிலில் போட்டுவைத்தவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும். நூல் வெளுத்துப்போய், இழுத்தால் பொடுக்கென்று விட்டுவிடும். வெயிலையும் உப்பையும் தாங்குகிற நூலுக்காக அவர் இரண்டு வருஷம் தேடினார். லேஸ் பின்னுகிறவர்களோடு வேலை செய்ய அதற்கு முன்னாலேயே லித்துவேனியா வரை போய்வந்திருந்தார். மீன்வலை ஆலை பிடித்தார். காற்றுக் கணக்குக்குப் பந்தயப் படகுப் பாய் வடிவமைக்கிற பொறியாளரைப் பிடித்தார். மூன்று வருஷமும் இரண்டு பிள்ளைப்பேறும் கழித்து, 2005இல், 20 டன் இரும்பு வளையத்தில் 50,000 சதுர அடி வலை ஏறியது.

அப்புறம் வேலை ஊர் ஊராகப் போனது. ஃபீனிக்ஸ், டென்வர், வான்கூவர், லண்டன், மாட்ரிட். டென்வர் வலையின் பெயர் வெறும் எண், 1.26. 2010இல் சிலியில் வந்த நிலநடுக்கத்தால் பூமியின் ஒரு நாள் அத்தனை மைக்ரோநொடி (நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைந்ததாம். வலையின் உருவத்தை அந்த நிலநடுக்கம் கிளப்பிய சுனாமியின் அலை உயரக் கணக்கிலிருந்து எடுத்திருக்கிறார். 1964 புயலில் போன தனுஷ்கோடியை வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிற எங்களுக்கு, அலையை இப்படி நூலில் நிறுத்திவைக்கலாம் என்பது லேசாக வயிற்றைக் கலக்குகிற விஷயம்.

ஒரு மனத்தாங்கல் மட்டும் உண்டு. 2011இல் வந்த டெட் (TED) மேடை உரையில் இந்தக் கதையை அவரே அழகாகச் சொல்கிறார். காற்றுக் கணக்குப் போட்ட பீட்டர் ஹெப்பலைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார். முதல் முடிச்சு போட்டவர்கள் "அந்த மீனவர்கள்" என்பதோடு சரி.

ஆனால் இங்கே மட்டும் பெயரா சொல்கிறோம்? சில வருஷம் முன்னால் ஒரு கைவினைக் கண்காட்சிக்கு அம்மா கையால் பின்னிய வலையைக் கொண்டுபோனேன். பனையோலைப் பெட்டி வைக்கலாம், சங்கு மாலை வைக்கலாம், இது "மீன்பிடிச் சாமான்", கைவினையில் வராது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறி, மடியில் வலையோடு வந்து சேர்ந்தேன்.

அம்மா நண்டு வலை பொத்துவதைக் கிட்ட உட்கார்ந்து பாருங்கள். கிழிசலை அப்படியே பொத்த மாட்டாள். முதலில் சுற்றிலும் வெட்டி, வலைக்கண்கள் ஒழுங்காக நிற்கிற மாதிரி ஓரத்தைச் சீராக்குவாள். 'இருக்கிற ஓட்டையைப் பெரிசாக்குறீங்களே' என்று புது ஆட்கள் பதறுவார்கள். அப்புறம் வலை ஊசி மேல்கண்ணில் நுழையும், இடது பெருவிரல் அழுத்தும், நூல் ஒரு சுழல் சுழன்று இறுகும். கண் சின்னதானாலும் பெரிதானாலும் அளவுகோல் அவள் விரல்தான். பொத்திய இடத்தைக் கண்டுபிடிக்க நூலின் நிறம் மட்டும்தான் துப்பு.

போன வாரம், அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்கு எச்செல்மன் செய்த சிற்பத்தின் படத்தை அவளிடம் காட்டினேன். 2015இல் செய்தது. 600 அடி நீளம், 100 மைலுக்கு மேல் நூல், ஐந்து லட்சம் முடிச்சு. பார்த்ததும் "அழகா இருக்கு" என்பாள் என்று நினைத்தேன்.

"மேல் கயிறு எங்க கட்டியிருக்கு?" என்றாள்.

சுற்றியிருக்கிற கட்டடங்களில் என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். "காத்துக்கு நெகிழ்ச்சி விட்டுத்தான் கட்டியிருக்காங்க. விறைப்பா இழுத்திருந்தா ஒரே ராத்திரி."

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தாள். "சரி, அவ்வளவு உயரத்துல கிழிஞ்சா யாரு ஏறிப் பொத்துறது?"