அப்பா சந்தோஷமாகவும் இருந்தார்

இறந்துபோன அப்பாக்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நம் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வருகிறது. உழைத்தார், தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, கிழிந்த பனியனோடு காலத்தை ஓட்டினார், எங்களை ஆளாக்கினார். என் அப்பாவின் பதினாறாம் நாளுக்கு அடித்த அட்டையிலும் சொந்தக்காரர்கள் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதில் இருப்பது பாதி அப்பாதான். மீதியைச் சொல்லாமல் விடுவது அவருக்குச் செய்கிற அநியாயம் என்று எனக்குப் படுகிறது.

அப்பா பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர், அதாவது ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சுக்குத் தயார் செய்கிறவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு எடுபிடியாகப் போய்ச் சேர்ந்தவர், அங்கேயே தொழில் கற்றார். கோயில் கொடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், பள்ளிக்கூட வினாத்தாள் என்று எல்லாம் அவர் கை வழியாகப் போனவைதான். தமிழை ஈய எழுத்தில் கோப்பது லேசான வேலை இல்லை. ‘கோ’ என்று ஓர் எழுத்து வேண்டுமானால் இரட்டைக்கொம்பு, க, கால் என்று மூன்று துண்டுகளை எடுக்க வேண்டும். ‘கு’, ‘கூ’ எல்லாம் தனித்தனி வார்ப்பு. கேஸ் என்கிற எழுத்துப் பெட்டியில் எந்த அறையில் எது கிடக்கிறது என்று விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும், கண் அச்சடிக்க வேண்டிய மேட்டரில்தான் இருக்கும். ஸ்டிக் என்கிற கைத்தட்டில் அடுக்கிய வரியைத் தலைகீழாகவே வாசித்துப் பிழை பிடிப்பார். ட்ரெடில் அச்சு இயந்திரத்தில் அடித்து முடித்த பிறகு அத்தனை எழுத்தையும் பிரித்து அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். அந்தப் பிரிக்கிற வேலைக்குத்தான் பையன்கள் ஓடி ஒளிவார்கள். அப்பாவுக்கு அதுவும் பிடிக்கும், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே செய்வார்.

1978-இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்று ஆணை போட்டது. பழைய தும்பிக்கை மாதிரி வளைவு வைத்த ணை, லை, ளை, னையும், சுழித்த ணா, றா, னா வகையும் சேர்த்துப் பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. வாசிக்கிறவர்களுக்கு அது கொஞ்ச நாள் கண் பழக்கம், அவ்வளவுதான். கேஸ் முன்னால் நிற்கிறவருக்கோ சில அறைகள் மிச்சம். அப்பா அதைச் சொல்லும்போதெல்லாம் முகம் மலர்ந்துவிடும். ஆனாலும் பழைய வார்ப்புகளைத் தூக்கிப் போட மனமில்லாமல் அவர்கள் அச்சகத்தில் ரொம்ப நாள் இரண்டும் கலந்துதான் ஓடின.

சரி, இப்போது அட்டையில் யாரும் எழுதாத விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு ரேடியோதான் உயிர். அதிலும் சிற்றலை, தூர தேசத்து நிலையங்கள் கிடைக்கிற ஷார்ட் வேவ்.

எங்கள் பக்கம் இலங்கை வானொலி துல்லியமாக இழுக்கும். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களைக் குரலை வைத்தே சொல்லும் வீடுகள் அப்போது நிறைய. அப்பா அதோடு நிற்கவில்லை. மொட்டை மாடியிலிருந்து வேப்பமரத்துக்கு ஒரு செம்புக் கம்பியை இழுத்துக் கட்டி, அதன் நுனியை ரேடியோவில் சொருகினார். இரவு ஒன்பதே காலுக்கு லண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசை. மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வானொலி. பீஜிங்கிலிருந்து தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்ட சீனர்கள் தமிழில் செய்தி வாசிப்பார்கள். வத்திக்கான், மாஸ்கோவும் உண்டு. மொழியே தெரியாத நிலையங்களையும் விடமாட்டார். “ஏட்டி, சத்தம் போடாத, மணிலா வந்துட்டு” என்பார், மணிலாவிலிருந்து விருந்தாளி வந்து வாசலில் நிற்கிற மாதிரி.

பொழுது சாய்ந்தால் ஏன் 41, 49 மீட்டர் அலைவரிசையில் தூரத்து நிலையங்கள் தெளிகின்றன, பகலில் ஏன் 16, 19 மீட்டருக்குப் போக வேண்டும், வானத்தில் ஓர் அடுக்கு எப்படி அலையைத் திருப்பி அனுப்புகிறது, சூரியப் புள்ளிகள் கூடினால் என்ன ஆகும் என்றெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எட்டாம் வகுப்பு தாண்டாத என் அப்பா.

கேட்டதை நோட்டில் எழுதுவார். தேதி, நேரம், மீட்டர், பிறகு ஐந்து இலக்கம். சிக்னலின் பலம், மற்ற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறி இறங்குவது, மொத்தத்தில் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்குள் மதிப்பெண். 55555 என்றால் அப்பழுக்கில்லை. பெரும்பாலும் 34433தான். அதை ஏரோகிராம் என்கிற வெளிநாட்டுத் தபால் தாளில் எழுதி அனுப்பினால், ‘நீங்கள் கேட்டது எங்கள் நிலையம்தான்’ என்று உறுதி செய்து வண்ண அட்டை ஒன்று வரும்.

அட்டை வந்ததும் அப்பா என்ன செய்வார் தெரியுமா? படத்தைப் பார்க்கமாட்டார். முதலில் பின்பக்கம் திருப்பி, கட்டை விரலால் மெதுவாகத் தடவுவார். ஈய எழுத்தில் அடித்திருந்தால் காகிதத்தின் பின்னால் லேசாகப் புடைத்திருக்கும். ஈய எழுத்து இல்லாமல் அடிக்கிற ஆப்செட் என்றால் வழவழவென்று இருக்கும். புடைப்பு தட்டிவிட்டால், “இது நம்மள மாதிரி ஒருத்தன் கோத்தது” என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவார். அந்தச் சந்தோஷத்தை நான் வேறு எந்த மனிதரின் முகத்திலும் பார்த்ததில்லை.

சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். வாங்குகிற சம்பளத்தில் தபாலுக்குக் கொட்டுகிறான், பொம்பளைப் பிள்ளையை வைத்துக்கொண்டு இது தேவையா என்று. அம்மாதான் ஒரே பேச்சில் வாயை அடைத்தாள். “அந்தப் பெட்டி இல்லாட்டி அவுக சாயந்தரம் கடைக்குப் போயிருப்பாக, இல்லன்னா எம்மேல எரிஞ்சு விழுந்திருப்பாக. எனக்கு அந்தப் பெட்டி போதும்.”

இதை நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தியாகத்தை மட்டுமே பேசிப் பேசி, தனக்கென்று ஒரு மணி நேரம் வைத்துக்கொள்கிற அப்பா ஏதோ ஒரு படி கம்மி என்று ஆக்கிவிட்டோம். என் வயதுக்காரர்கள் பலர் கேரம் ஆடப் போவதற்குக்கூடக் குற்ற உணர்ச்சியோடு போகிறார்கள். அப்பா எங்களுக்கு எதையும் குறைக்கவில்லை. எங்கள் வீட்டில் வசதி இல்லை, ஆனால் கடுகடுப்பும் இல்லை. அந்த நிம்மதிக்கும் நோட்டில் இருக்கிற 34433-க்கும் சம்பந்தம் உண்டு என்று முழுசாக நம்புகிறேன்.

1990களில் கம்ப்யூட்டர் வந்தது. கேஸில் கிடந்த எழுத்தெல்லாம் எடைக்குப் போனது. எத்தனையோ கம்பாசிட்டர்கள் அப்போது ஒன்றுமில்லாமல் நின்றார்கள். அதைப் பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும், எனக்கு அவ்வளவு தெரியாது. அப்பா கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற ஒரு டி.டி.பி. கடையில் ப்ரூஃப் பார்க்கச் சேர்ந்தார். அங்கே டைப் அடிக்கிற பிள்ளைகளுக்கு ஒற்று எங்கே மிகும் என்று சொல்லிக் கொடுத்து, அவர்களிடமிருந்து மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டார்.

தமிழோசை வானொலி 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றது. 1941-இல் தொடங்கியது. அன்றைக்கும் வழக்கம் போல நோட்டை எடுத்து வைத்துக் கேட்டார். முடிந்ததும் மதிப்பெண் போட்டார். நாளைக்கு என்ன செய்வீங்க என்று நான் கேட்டேன். “ஏன், வேற ஸ்டேஷனே இல்லையா?” என்று திருகிக்கொண்டே இருந்தார்.

அந்த நோட்டுகளும் அட்டைகளும் இப்போது என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் படம் எடுத்து இங்கே போடப் போகிறேன். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பழைய நேயர் மன்றத்துக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அப்பாவுக்குக் கடிதம் எழுதியவர்களாக இருக்கலாம். அப்புறம், நாலைந்து அட்டைகளில் எல்லாமே அரபி எழுத்தில் இருக்கிறது. வாசிக்கத் தெரிந்தவர்கள் எந்த நிலையம் என்று பார்த்துச் சொன்னால் நோட்டில் தேடிப் பொருத்திவிடுவேன்.